காண்டாமிருகத்துக்குப் பதவுரை

கேள்வி: ஊர்மக்கள் ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாக மாறும், நாடகாசிரியர் அயனெஸ்கோவின் ‘காண்டாமிருகம்’ நாடகம் நாஜிகளைத்தான் சொல்கிறது என்றால், அதை நேராகவே எழுதியிருக்கலாமே? தர்க்கத்துக்குப் பொருந்தாத நிகழ்வுகளைக் காட்டும் இந்த அபத்த நாடகம் என்பது துணிச்சல் இல்லாதவர்களின் அரசியல்தானே?

பதில்: துணிச்சலை இதற்குள் இழுக்காதீர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த செக் நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெல் எழுதியவை அபத்த நாடகங்கள்தான்; ஆண்டுக்கணக்கில் சிறையிலும் இருந்தார்.

உங்கள் பதவுரை முழுத் தவறில்லை. 1930-களில் ருமேனியாவில், படித்த நண்பர்கள் ஒவ்வொருவராகப் பாசிசத்தின் பக்கம் சாய்ந்ததைக் கண்டவர் அயனெஸ்கோ. 1959-இல் மேடையேறிய இந்த நாடகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ‘காண்டாமிருகம் என்றால் நாஜி’ என்று அடிக்கோடிட்டுவிட்டால், போத்தாரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? இடதுசாரிப் பேச்சுப் பேசும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். ஊரில் காண்டாமிருகமே கிடையாது, எல்லாம் பத்திரிகைகளின் புரளி என்பார். கண்ணால் கண்டபிறகு, இதன் பின்னணி எனக்குத் தெரியும் என்பார். கடைசியில், காலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவரும் மந்தையில் சேர்ந்துவிடுவார்.

இதைவிடப் பெரிய சங்கடம் மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. சுவரில் தோன்றும் காண்டாமிருகத் தலைகள் போகப் போக அழகாகிக்கொண்டே வர வேண்டும் என்கிறது மேடைக் குறிப்பு. ஒற்றை மனிதனாக எஞ்சிய நாயகன் பெரஞ்சேவுக்கு நாம் கைதட்டத் தயாராகிறோம். அவனோ கண்ணாடி முன் நின்று, கொம்பில்லாத தன் நெற்றியைப் பார்த்து வெட்கப்படுகிறான். பிளிறியும் பார்க்கிறான். வரவில்லை. ‘சரணடைய மாட்டேன்’ என்ற முழக்கம் அதற்குப் பிறகுதான். நீங்கள் கேட்கும் நேரடி அரசியல் நாடகமாக இருந்தால், ஒத்திகையிலேயே யாராவது இந்த இடத்தை வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

அதற்காக, அபத்த நாடகத்துக்கு யாரும் எந்த அர்த்தமும் சொல்லலாம் என்ற கட்சியில் நான் இல்லை. அது விமர்சகர்களின் சோம்பல். இந்த வடிவத்துக்கு எல்லையும் உண்டு. யார் பணம் கொடுத்தார்கள், எந்தச் சட்டம் வளைந்தது, யாருடைய கையெழுத்தில் கைதுகள் நடந்தன என்பதையெல்லாம் அது சொல்லாது. இங்கே மனிதர்கள் மிருகமாவது ஒரு தொற்றுநோயைப்போல நடக்கிறது. தொற்றுநோய்க்குக் குற்றவாளி ஏது? உங்கள் கேள்வி இந்த இடத்தைத் தொட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.

நாஜிகளின் கணக்கு வேண்டுமென்றால் வரலாற்று நூலைப் புரட்டுங்கள். அதுவரை நல்லவராக இருந்த பக்கத்து மேசைக்காரருக்கு எந்த வாக்கியத்தில் தோல் தடிக்கத் தொடங்கியது என்று தெரிய வேண்டுமென்றால், இரண்டாம் அங்கத்தில் பெரஞ்சேவின் நண்பன் ழான் ஒவ்வொரு முறை குளியலறைக்குள் போய்த் திரும்பும்போதும் அவன் குரலையும், மனிதநேயத்தைப்பற்றி அவன் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள்.