ஆகாயத்தாமரைச் சாற்றில் பக்றீரியா வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் குளத்தில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை வெட்டி அவித்துச் சாறெடுத்து, பனங்கட்டி கரைத்து, கடையில் வாங்கிய உயிர்ப் பசளைத் தூளைக் கலந்து இறுக மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் வெள்ளை ஆடை படர்ந்து அழுகல் நாற்றம் வீசுகிறது. நான்கு பரப்பு வெங்காயத்துக்கு இதை ஊற்றலாமா? – கோப்பாய் விவசாயி

பதில்: ஊற்ற வேண்டாம், எருக்குவியலில் சேர்த்துவிடுங்கள். சாறு பக்றீரியாவுக்கு நல்ல உணவுதான். ஆனால் திறந்த சட்டியில் அவித்தால் வித்தி உண்டாக்கும் நுண்ணங்கிகள் சாவதில்லை; அவற்றை அழிக்க சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பம் 15 நிமிடமாவது வேண்டும். மேலும், உயிர்ப் பசளைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படும், காற்றின் நைதரசனை மண்ணில் சேர்க்கும் அசற்றோபக்டர் என்ற பக்றீரியா காற்றில்லாமல் பெருகாது. நீங்கள் மூடி வைத்ததால் அழுகச் செய்யும் கிருமிகளே பெருகியிருக்கின்றன.

அந்தத் தூளின் உறையில் பக்றீரியாவின் பெயரும், கிராமுக்கு எத்தனை உயிர்க்கலங்கள் என்பதும், காலாவதித் திகதியும் இருந்தனவா? 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இவை எதுவும் அச்சிடாத போத்தல்களைத் தகரக் கூரையின் கீழ் வெயிலில் அடுக்கி விற்ற வியாபாரிகள் விற்றது பசளையல்ல, நிறமூட்டிய தண்ணீர் என்றே நான் சொல்வேன். அவரை இனப் பயிருக்கான றைசோபியம் என்ற பக்றீரியாவை வெங்காயத்துக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அது வெங்காயத்துக்கு நைதரசன் சேர்த்துக் கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, விட்ட பக்றீரியா நம் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் எதைத் தின்று உயிர் வாழும் என்பதையே. சேதனப் பொருள் (மக்கிய இலை, எரு) குறைந்த மண்ணில் எத்தனை கோடியை ஊற்றினாலும் அவை நிலைப்பதில்லை. போடும் யூரியாவில் ஒரு பங்கும் அடியிலுள்ள சுண்ணக்கல் வழியே கிணற்றுக்கு இறங்குகிறது. நம் முன்னோர் பச்சை இலைகுழைகளை மண்ணில் புதைத்து, குழை தாழ்த்தியது இதற்காகவே. ஆகையால் ஆகாயத்தாமரையைச் சாறாக்காமல், பக்றீரியா குடியிருக்கும் கூட்டெருவாக்குங்கள்.

இச்செடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். லொறிக் கூலி கொடுத்துத் தண்ணீரைச் சுமக்காமல் குளக்கரையிலேயே உலர்த்துங்கள். நச்சு உலோகங்களான ஈயமும் கட்மியமும் வேரில்தான் அதிகம் சேரும் என்பதால் வேரை வெட்டி விலக்குங்கள். பட்டணத்து வாய்க்கால் கலக்கும் குளமென்றால் செடியையே தொடாதீர்கள். பூத்ததையும் சேர்க்கக்கூடாது, அதன் வித்து பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். 1909இலேயே இச்செடிக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. பச்சைச் செடியை வேறு குளத்துக்கு அருகே கொண்டு போகாதீர்கள்.

உலர்ந்ததை மாட்டெருவுடன் அடுக்கி, உள்ளே கை வைக்க முடியாத சூடு வந்ததும் புரட்டுங்கள். சூடு முழுதும் அடங்கி, கருமையாகி மண்வாசனை வந்த பிறகே, விபரம் சரியாக அச்சிட்ட அசற்றோபக்டர் தூளை அதில் கலந்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்து, நடுகைக்கு முன் அந்தி நேரத்தில் பாத்தியில் இட்டுக் கொத்திவிடுங்கள்.