ஐந்து ஏக்கரில் ஹெம்ப் விதைக்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. ஹெம்ப் (போதை மிகக் குறைந்த கஞ்சாச் செடி ரகம்) நாருக்கு நல்ல விலை என்கிறார்கள். ஒரு நிறுவனம் விதை கொடுத்து, விளைச்சலையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறது. மத்திய அரசே அனுமதித்துவிட்டது என்று ஒரு உரிமத்தையும் காட்டினார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

அவர்கள் காட்டியது பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமாக இருக்கும். ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க 2021-இல் அந்த ஆணையம் வழிவிட்டது உண்மைதான். அது விற்பனைக்கு, சாகுபடிக்குச் செல்லாது. சாகுபடி, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதன் 14-ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் கஞ்சாச் செடி வளர்க்க அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

ஆணை இல்லாமல் விதைத்தால் 20-ஆம் பிரிவு பாயும். 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கஞ்சா வைத்திருந்து பிடிபட்டவருக்காவது எடை பார்ப்பார்கள். 1 கிலோ வரை சிறு அளவு, தண்டனை 1 ஆண்டுக்குள். செடி வளர்த்தவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது. 'இது போதை இல்லாத ரகம்' என்ற வாதமும் எடுபடாது. போதை தரும் டிஹெச்சி எவ்வளவு இருந்தால் குற்றம் என்று இந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. கன்னாபிஸ் (கஞ்சா) பேரினத்துச் செடி எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். போதாததற்கு, 35-ஆம் பிரிவின்படி குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் சட்டம் மாறியே ஆக வேண்டும் என்கிறேன். ஐ.நா.வின் 1961 ஒப்பந்தமே நாருக்கும் விதைக்குமான சாகுபடியைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆக, வெளியுலகம் நம்மைத் தடுக்கவில்லை. உரிமம் தரும் மாநிலங்களிலும் டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. 1976-இல் இரு தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்துவதற்காக வைத்துக்கொண்ட எல்லை அது. போதை ஏறுமா என்று சோதித்து வைத்ததில்லை. இந்தச் செடியின் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். மலையில் தானாக முளைத்துக் கிடக்கும் செடியோடு கலந்தால், அடுத்த போக விதையில் அளவு கூடிவிடும். அறுவடை சில நாள் தள்ளிப்போனாலும் கூடும். விவசாயி என்ன செய்வார்?

அமெரிக்காவில் 0.3-ஐத் தாண்டிய பயிரை அப்படியே விற்க முடியாது. அழிக்கவோ சரிசெய்யவோ வேண்டும். ஆனால் முறைப்படி பயிரிட்டவர் 1 சதவீதத்துக்குள் இருந்தால், கவனக்குறைவு என்றுகூட அவர்மேல் குற்றம் சொல்வதில்லை. 2021 முதல் அதுதான் விதி. நமக்கும் அதுதான் வேண்டும்: சட்டத்திலேயே ஒரு டிஹெச்சி வரம்பு, அதைக் கொஞ்சம் தாண்டினால் பயிருக்கு மட்டும் நடவடிக்கை, சான்றளித்த விதை. கஞ்சா விற்பவருக்கு வைத்த தண்டனையை நார் பயிரிடுபவர் தலையில் கட்டுவது அநியாயம்.

சரி, இப்போது உங்களுக்கு என்ன வழி? நார்த் தொழில்தான் ஆசை என்றால், தயாரான நாரையும் துணியையும் வாங்கி வேலை செய்யலாம். தண்டு நார் சட்டம் சொல்லும் 'கஞ்சா'வுக்குள் வராது. பூவோ காயோ உள்ள நுனிதான் அங்கே கஞ்சா. வாங்கும்போது ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்பதால், பின்னால் பணத்தை மீட்பது கடினம். அப்புறம், பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்கும் வேளாண் துறைக்கும் மனு கொடுங்கள். மனுவில் 14-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, வேளாண் பல்கலைக்கழக மேற்பார்வையில் சோதனைச் சாகுபடிக்கு ஆணை கேளுங்கள்.