போலெண்டா ஏன் பசையானது? பார்மேசான் சைவமா?

கேள்வி: என் மாமியார் சுத்த சைவம். முட்டை தொடமாட்டார், காளான் சாப்பிடுவார். போலெண்டாவும் (மக்காச்சோளக் குருணையில் கிண்டும் இத்தாலியக் களி) காளானும் செய்து பார்த்தேன். மாவு பசையாகிவிட்டது, காளான் தண்ணீர் விட்டுக் கொழகொழத்தது. மேலே பார்மேசான் சீஸ் தூவலாமா? – வாசகி, ஈசூன்

முதலில் சீஸ். மற்ற இரண்டும் சமையல் கோளாறு, இது மாமியார் விஷயம்.

அசல் பார்மேசான், அதாவது பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரில் வரும் இத்தாலியச் சீஸ், சைவம் இல்லை. பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. உறையில் ‘பால், உப்பு, ரென்னெட்’ என்று மட்டும் இருக்கும். கடையில் கேட்டால், பாலில் செய்ததுதானே, சைவம்தான் என்பார்கள். ஹலால் முத்திரையும் இதற்குப் பதில் சொல்லாது. இந்தியாவில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயம். இங்கே சிங்கப்பூரில் இனிப்பு பானத்துக்கு சி, டி என்று தரம் ஒட்ட 2022 டிசம்பரிலேயே விதி வந்துவிட்டது. ஒரு பச்சைப் புள்ளிக்கு மட்டும் இன்னும் வழியில்லை. பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போக வேண்டியது நம் தலையெழுத்து.

ஒரு விலக்கு உண்டு. ‘மைக்ரோபியல் ரென்னெட்’ (நுண்ணுயிரிலிருந்து எடுப்பது) என்று போட்ட கெட்டிச் சீஸ் வாங்கலாம். அதிலும் ‘லைசோசைம்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது முட்டை வெள்ளைக்கருவிலிருந்து வருவது. சில கெட்டிச் சீஸ்களில் கெடாமல் இருக்கச் சேர்ப்பார்கள். ரென்னெட் சரியாக இருந்து லைசோசைம் இருந்தால் உங்கள் மாமியாருக்கு ஆகாது. துருவி டப்பாவில் போட்டு, சேர்பொருள் எதுவும் எழுதாமல் விற்பதைத் தொடவே வேண்டாம். இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், வெண்ணெயும் வறுத்த முந்திரியும் போதும்.

அடுத்தது பசை. நீங்கள் வாங்கியது கார்ன் ஃபிளவர் என்று நினைக்கிறேன். அது வெள்ளை ஸ்டார்ச், குழம்பைக் கெட்டியாக்க உதவும், அவ்வளவுதான். ரொட்டி தட்டும் மக்காச்சோள மாவும் இதற்கு ரொம்ப நைஸ். ரவை போல் கொரகொரப்பான மஞ்சள் குருணைதான் போலெண்டா. இணையத்தில் வெறும் பிளாஸ்டிக் பையில் மறுபொட்டலம் போட்டு ‘இத்தாலியத் தரம்’ என்று இரட்டை விலைக்கு விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அது உடனடி வகையா, சாதா வகையா என்றுகூட அதில் இருக்காது. உடனடி வகை ஐந்து நிமிடம், சாதா வகை நாற்பது நிமிடம்.

சாதா வகை ஒரு கப்புக்கு ஐந்து கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் கொதித்ததும் ஒரு கையால் தூவி, மறு கையால் விடாமல் கிளறுங்கள். பிறகு சிறு தீயில் மூடி, அவ்வப்போது அடிபிடிக்காமல் கிளறினால் போதும். உலர்ந்த ஷிட்டாக்கே காளான் ஊறவைத்த நீரைக் கொஞ்சம் சேர்த்தால் ருசி கூடும்.

காளானில் பெரும்பங்கு தண்ணீர். 400 கிராமை ஒரே தடவையில் சட்டியில் குவித்தால் வதங்காது, வேகும். அகலமான சட்டியை நன்றாகக் காயவைத்து, இரண்டு தடவையாகப் போடுங்கள். உப்பு கடைசியில்தான். தண்ணீர் வற்றி ஓரம் சிவந்ததும் எண்ணெய், பூண்டு, மிளகு, கொஞ்சம் சோயா சாஸ். சிப்பி சாஸ் போத்தலில் காளான் படம் இருந்தாலும், சிப்பிச் சாறு இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சூடாக இருக்கும்போதே பரிமாறுங்கள், ஆறினால் போலெண்டா இறுகிவிடும். மிச்சத்தைத் தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் முறுக வாட்டலாம்.