அமெரிக்க நீதிமன்றம்: கையெழுத்துக்கு முன் வக்கீல்

அமெரிக்கச் சட்டம் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உங்கள் சொந்த வழக்கு என்றால் அந்தந்த மாநில வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சார், நம் ஊரில் கீழ்க்கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஒரே வரிசை. அமெரிக்காவில் எப்படி? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

அங்கே இரண்டு வரிசைம்மா. 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நீதிமன்றங்கள். திருட்டு, கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு எல்லாம் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போகும். மத்திய அரசின் சட்டமோ அரசியல் சட்டமோ சம்பந்தப்பட்டால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்வதே முடிவு.

இதன் விளைவு ஒன்று பலருக்குத் தெரியாது. ஒரே செயலுக்கு மாநிலமும் மத்திய அரசும் தனித்தனியே வழக்குப் போடலாம். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்ற விதி அதைத் தடுக்காது என்று 2019இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனால் சட்டம் இன்று அதுதான்.

கேள்வி: நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்களாமே, உண்மையா?

பல மாநிலங்களில் உண்மை. டெக்சாஸில் கட்சி அடிப்படையிலேயே போட்டியிடுகிறார்கள். ஃபெடரல் நீதிபதிகளை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். மாவட்ட நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை அந்தப் பதவி ஆயுளுக்கும்.

கேள்வி: கையில் காசில்லாதவர் வக்கீல் இல்லாமலேயே சிறைக்குப் போக வேண்டியதுதானா? (கோவை வாசகர்)

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1961இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் புகுந்து திருடியதாக கிளாரன்ஸ் எர்ல் கிடியன் கைதானார். வக்கீல் வைக்கப் பணமில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்கு என்றால்தான் தர முடியும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தனக்குத் தானே வாதாடித் தோற்றார், ஐந்து வருடச் சிறை. சிறைத் தாளில் பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். அப்புறம் நடந்த மறுவிசாரணையில், இம்முறை வக்கீலோடு, ஜூரி (தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழு) அவரை விடுவித்தது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததுதான் வித்தியாசம்.

இன்று சிறைத் தண்டனை விதிக்கப்படும் குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. பப்ளிக் டிஃபெண்டர் என்பார்கள். இலவசம் என்பதால் இளக்காரமாக நினைக்காதீர்கள். வேலைப்பளு அதிகம் என்றாலும், அந்த நீதிமன்றத்தை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் வீட்டைக் காலி செய்யும் வழக்கு, விவாகரத்து போன்ற சிவில் வழக்குகளுக்கு இந்த உரிமை பொதுவாக இல்லை. குடியேற்ற நீதிமன்றத்திலும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு உங்களுடையது.

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். ஜூரி கடமைக்கு அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா?

குடிமக்கள் மட்டுமே ஜூரியில் உட்காரலாம். கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். குடிமகன் அல்ல என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தவறியும் குடிமகன் என்று டிக் அடித்துவிடாதீர்கள், பின்னால் குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகும்.

கேள்வி: கைது செய்யும்போது உரிமைகளைப் படித்துக் காட்டாவிட்டால் வழக்கே தள்ளுபடியாமே?

இல்லை. பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்று போலீஸ் முதலில் எச்சரிக்க வேண்டும் என்பது 1966இல் வந்த மிராண்டா தீர்ப்பு. அது காவலில் வைத்துக் கேள்வி கேட்பதற்குத்தான் பொருந்தும். எச்சரிக்காமல் வாங்கிய வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு நேரடிச் சான்றாகப் பயன்படுத்த முடியாது, மற்ற சாட்சியங்கள் அப்படியே நிற்கும். இன்னொன்று, வெறுமனே வாய்மூடி இருந்தால் போதாது. "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2010இல் பெர்கூயிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

கேள்வி: அண்ணா, டெக்சாஸில் படிக்கும் என் தம்பி மீது கடையில் திருடியதாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை கிடையாது, சில மாதத்தில் வழக்கையே தள்ளுபடி செய்துவிடுவோம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் பார்க்கும்வரை போட வேண்டாம்.

அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் விசாரணை வரைக்கும் போவதே இல்லை. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் இப்படி ஒப்புக்கொண்டு வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் எழுதியது. உங்கள் தம்பிக்குச் சொன்னதுபோல், பிறகு தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டை மாநிலச் சட்டம் தண்டனையாகக் கருதாமல் இருக்கலாம். குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கண்காணிப்பு போன்ற ஏதோ ஒரு கட்டுப்பாட்டை நீதிபதி விதித்தாலே அது தண்டனைதான். திருட்டு என்றால் விசாவுக்கே ஆபத்து வரலாம்.

வியட்நாம் போரில் பணியாற்றிய படில்லா என்பவர் கிரீன் கார்டோடு அமெரிக்காவில் 40 வருடம் வாழ்ந்தவர். இவ்வளவு காலம் இருந்துவிட்டதால் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்தியதாக ஒப்புக்கொண்டார். அதனாலேயே நாடு கடத்தப்படும் நிலை வந்தது. அந்த அபாயத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தம்பியின் வக்கீலிடம் "இதனால் விசா என்ன ஆகும்?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வேண்டும். யோசிக்க அவகாசம் கேட்பதில் தப்பே இல்லை. நீதிபதி ஆங்கிலத்தில் கேட்பது முழுதாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.