துணிக்கை கேட்டவளின் தைரியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். என் கணவருக்கு எட்டு மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "கெஞ்சாதீங்க, உரிமையோட கேளுங்க" என்கிறார்கள். ‘தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்’ என்ற எபிரெயர் 4:16ஐக் காட்டுகிறார்கள். எனக்கோ வாயைத் திறந்தாலே அழுகைதான் வருகிறது. ஞாயிறு திருவிருந்துக்கு முன், மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் தகுதியில்லாதவர்கள் என்று சபையாகச் சொல்கிறோம். இதில் எதை எடுத்துக்கொள்வது? என் அழுகை அவிசுவாசமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் துணிக்கை. திருவிருந்து முறைமையில் அந்த ஜெபம் இங்கிலாந்தில் 1548ல் வந்து சேர்ந்தது. ஆனால் மேஜையிலிருந்து விழும் துணிக்கை மத்தேயு 15ல் ஒரு கானானியப் பெண் சொன்னது. மகளுக்காக வந்தவள். இயேசு முதலில் பதிலே சொல்லவில்லை. சீஷர்கள் ‘இவளை அனுப்பிவிடும்’ என்றார்கள். இஸ்ரவேலின் ஆடுகளுக்குத்தான் வந்தேன் என்கிறார். அவள் கிட்டே வந்து பணிகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்கிறார். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பார்கள். அவளோ, மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் துணிக்கைகளைத் தின்னுமே என்று அவர் சொல்லையே பிடித்துக்கொள்கிறாள். தனக்குத் தகுதி இருப்பதாக அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இடத்தை விட்டு நகரவும் இல்லை. ‘உன் விசுவாசம் பெரிது’ என்ற பாராட்டு அவளுக்குத்தான் கிடைத்தது. ஞாயிறும் வெள்ளியும் சண்டை போடுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவள் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

எபிரெயர் நிருபத்தில் ‘தைரியம்’ என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் பரேசியா. எல்லாவற்றையும் சொல்லிவிடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பழைய ஏதென்ஸ் நகரத்தின் மக்கள் மன்றத்தில் குடிமகன் எழுந்து மனதில் பட்டதைப் பேசும் உரிமைக்கு அந்தப் பெயர். அடிமைக்கு அது கிடையாது. ஆக, உரிமை என்று உங்கள் கூட்டத்தில் சொல்வது முழுக்கத் தப்பில்லை. பேசும் உரிமை அது. கேட்டதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போவேன் என்பது நம் ஆட்கள் சேர்த்துக்கொண்டது.

கிருபாசனம் என்ற சொல்லையும் பாருங்கள். யாத்திராகமத்தில் அது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். அது இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே பிரதான ஆசாரியன் மட்டும் வருஷத்தில் ஒரு நாள் போகலாம். அதுவும் தூபப் புகை அந்த மூடியை மறைக்க வேண்டும், ‘தான் சாகாதபடிக்கு’. (அவர் காலில் கயிறு கட்டினார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். வேதத்தில் அப்படி இல்லை. ‘சாகாதபடிக்கு’ என்ற ஒரு சொல்லின் பயமே போதும்.) 4:16ல் கிரேக்கம் சொல்வது கிருபையின் சிங்காசனம். நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது. புகை போட்டு மறைத்த அதே இடத்துக்கு இப்போது உங்களை வரச் சொல்கிறார்கள்.

எங்கள் ஆச்சி விடியற்காலையில் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்பாள். "ஆண்டவரே, நீரே பாரும், மூணு மாசமா அவன் ஒரு கடுதாசி போடல. நீரும் சும்மா இருக்கீரு" என்பாள். திருநெல்வேலிப் பக்கம் ‘நீர்’ சமவயது ஆளிடமும் பேசுகிற மரியாதை. நீங்கள் என்னும் தூரமும் இல்லை, நீ என்னும் எடுப்பும் இல்லை. தமிழில் ஜெபிக்கிறவர்களுக்கு அந்தச் சொல் சும்மா கிடைத்திருக்கிறது. ஆச்சி கெஞ்சினாளா, உரிமையோடு கேட்டாளா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

உங்கள் கணவர் குணமாவார் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அதைச் சொல்லி உங்களைத் தேற்றப் போவதும் இல்லை. அழுகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர்கள் காட்டும் வசனத்திலிருந்து ஏழு வசனம் தள்ளி 5:7 இருக்கிறது. இயேசு ‘பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்’ விண்ணப்பம் பண்ணினார், அது கேட்கப்பட்டது என்கிறது. கேட்கப்பட்டது, ஆனால் சிலுவை விலகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது "அழாதீங்க" என்றால், அந்த வசனத்தை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்