கூர்முனையா, டோமா? களக்காட்டு வாசகருக்கு ஏர்கன் பெல்லட் பற்றி ஒரு பதில்

களக்காடு பக்கம் வாழை போட்டிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடையில் நாலு விதமான பெல்லட் டப்பா காட்டினார்கள். கூர்முனை, உருண்டை முனை, தட்டை முனை, முனையில் குழி உள்ளது. 'அண்ணாச்சி, கூர்முனையையே எடுங்க, பலகையிலயே சொருகிரும்லா' என்றார் கடைக்காரர். எது குறி தப்பாமல் போகும், எது ஆழமாக இறங்கும்? தோட்டத்துக்கு முயல், மயில், காட்டுப்பன்றி எல்லாம் வருகின்றன. அவற்றுக்கு எது சரிப்படும்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உருண்டை முனை, அதாவது டோம். எடை 0.5 முதல் 0.55 கிராமுக்குள் இருக்கட்டும். ஆழமாக இறங்குவதிலும் இருபது மீட்டரைத் தாண்டினால் டோமே முந்தும். கடைசிக் கேள்விக்குப் பதில்: எதுவும் சரிப்படாது. சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். சட்டம் இல்லாவிட்டாலும் இந்தத் துப்பாக்கியால் அந்த வேலை ஆகாது என்பது இன்னொரு காரணம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பெல்லட்டை, அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டை, கையில் எடுத்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை போல விரிந்து உள்ளே வெறுமையாக இருக்கும். காற்று அழுத்தம் அந்தப் பாவாடையை விரித்து, குழலுக்குள் திருகாக வெட்டிய வரிப்பள்ளங்களில் அழுத்துகிறது. அதனால் காற்று கசிவதில்லை, பெல்லட்டுக்குச் சுழற்சியும் கிடைக்கிறது. வெளியே வந்த பிறகு கனமான தலை முன்னால் போக, லேசான பாவாடை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பேட்மின்டன் இறகுப்பந்து எப்போதும் தலையை முன்னால் வைத்துப் பறப்பதும் இப்படித்தான். ஆகவே பெல்லட் நேராகப் போவதற்குச் சுழற்சியும் காற்றின் இழுப்பும் சேர்ந்தே வேலை செய்கின்றன. முனையின் வடிவம் மாறினால் இந்த இழுப்பின் அளவு மாறும். நாலு டப்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

கூர்மையான பொருள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று மனசு சொல்லும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும் பெரிய துப்பாக்கித் தோட்டாவுக்கு அது பொருந்தும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. உங்கள் ரைஃபிள் பெல்லட்டை 200 முதல் 270 மீட்டர் வேகத்தில்தான் தள்ளும். அந்த வேகத்தில் உருண்டைத் தலையை ஒட்டித்தான் காற்று சீராக வழுகி ஓடும். கூர்முனைக்கு அங்கே ஆதாயம் இல்லை, தொந்தரவுதான் உண்டு. ஈயம் மெத்தென்ற உலோகம். டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசியே முனை நசுங்கிவிடும். முனை மையத்திலிருந்து இம்மி விலகினாலும் சுழலும்போது பெல்லட் தள்ளாடும். பத்து மீட்டரில் அது தெரியாது. முப்பது மீட்டரில் ஒரு கை அகலத்துக்குச் சிதறும்.

தட்டை முனை போட்டிக்கானது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பந்தயத்தில் போடுவது இதைத்தான். அட்டையில் பஞ்ச் அடித்தது போல வட்டமான ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதற்குத் தகராறு இல்லை. அந்த அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்றால், பத்து மீட்டரில் தட்டை முனை எவ்வளவு நம்பகமானது என்று நீங்களே ஊகிக்கலாம். ஆனால் அகலமான முகம் காற்றை முட்டுவதால் சீக்கிரம் வேகம் இழக்கும். 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும் டோம் 25 மீட்டர் தூரம் போன பிறகும் தன் ஆற்றலில் முக்கால் பங்கை வைத்திருக்கும். தட்டை முனையில் அறுபது சதவீதம் மிஞ்சினாலே அதிகம்.

குழிமுனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்குள் போனதும் விரிந்து அகலமாகும் என்பது அதன் பெருமை. விரிவதற்கு வேகம் வேண்டும், சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் தூரத்தில் அந்த வேகம் இல்லை. விரிந்தால் ஆழம் குறையும், விரியாவிட்டால் அது சுமாரான ஒரு டோம். பி.பி. எனப்படும் சிறு எஃகு உருண்டைகளை மட்டும் வரிப்பள்ளம் உள்ள குழலில் தயவுசெய்து போடாதீர்கள். பள்ளத்தைத் தேய்த்துவிடும், கடினமான எதில் பட்டாலும் திரும்பி முகத்துக்கே வரும்.

இனி எடை. ரைஃபிள் அட்டைப்பெட்டியில் '1000 எஃப்.பி.எஸ்.' என்று போட்டிருந்தால் அது நொடிக்கு ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர். அந்த எண் பெரும்பாலும் ஈயம் இல்லாத மிக லேசான பெல்லட்டில் எடுத்தது. லேசான பெல்லட் சட்டென்று கிளம்பி சட்டென்று களைத்துவிடும். ஸ்பிரிங் துப்பாக்கியில் இன்னொரு கேடும் உண்டு. முன்னால் போதிய எதிர்ப்பு இல்லாததால், ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் போய்க் குழாயின் முட்டில் இடிக்கும், ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மறுபக்கம், 0.67 கிராம் போன்ற கனமான பெல்லட் பிஸ்டனைப் பின்னுக்கு உதைக்கும், ரைஃபிள் கையில் துள்ளும், குறி அலையும். கனமானவை அடைத்த காற்றில் இயங்கும் பி.சி.பி. ரைஃபிள்களுக்கே பொருத்தம். அதனால்தான் உங்களுக்கு நடுத்தர எடையைச் சொன்னேன்.

துளைக்கும் ஆழம் பற்றிக் கடைக்காரர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஐந்தாறு மீட்டரில் மெல்லிய பலகையில் சுட்டால் கூர்முனை கொஞ்சம் கூடுதலாக இறங்கும். கட்டியான பொருளில் பட்டால் ஈயக் கூர் மழுங்கி அதுவும் உருண்டையாகிவிடுகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குளியல் சோப்புக் கட்டிகளை நெட்டுக்குத்தாக அடுக்கி, ஒரே தூரத்திலிருந்து நாலு வகையையும் சுடுங்கள். பிறகு சோப்பை அறுத்து அளந்து பாருங்கள். பத்து மீட்டரில் கூர்முனைக்கும் டோமுக்கும் உள்ள இடைவெளி சிறிதாகத்தான் இருக்கும், இருபத்தைந்தில் டோம் முன்னால் போகும். பின்புறம் தேரி மணல் நிரப்பிய சாக்கு இரண்டு அடுக்குக்கு இருக்கட்டும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் அந்த வேலைக்கு அருமை. கல், செங்கல், இரும்புத் தகடு எதுவும் பின்னால் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளின் எல்லை 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் ஆற்றல். 0.547 கிராம் பெல்லட் 270 மீட்டர் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட அந்த 20 ஜூல் வரும். வழக்கமான .22 ரைஃபிள் தோட்டாவில் ஏறக்குறைய 140 ஜூலாவது இருக்கும். '12 போர்' வேட்டைத் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டில் மூவாயிரத்தைத் தாண்டும். காட்டுப்பன்றியின் தோளில் தோலும் கொழுப்பும் கவசம் போல இருக்கும், மண்டையோடோ கனத்தது. எந்த முனையானாலும் இருபது ஜூல் அதைக் கொல்லாது. தோலுக்கடியில் ஈயம் தங்கிப் புண் சீழ்பிடித்து, அந்த உயிர் பல நாள் துடிக்கும். காயம்பட்ட பன்றி அடுத்த ராத்திரி யார் மேல் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரப்பில் தண்ணீர் கட்டப் போகும் உங்கள் ஆளாகவும் இருக்கலாம்.

முயல் வேட்டை சட்டப்படி நடக்கும் பிரிட்டனில் 16.3 ஜூல் வரையுள்ள ஏர் ரைஃபிளால் முயல் சுடுகிறார்கள். அங்கே சொல்லித்தரும் முதல் பாடம், தலையில் மட்டும் சுட வேண்டும் என்பது. எந்தத் தூரத்தில் உன் பெல்லட் எல்லாம் தவறாமல் 25 மி.மீ. வட்டத்துக்குள் விழுகிறதோ அந்தத் தூரத்தோடு நில், அதைத் தாண்டிச் சுடாதே என்பது அடுத்தது. அதற்கு அவர்களில் பெரும்பாலோர் எடுப்பதும் டோம்தான். எதைத் துளைக்கும் என்பதைவிட எங்கே விழும் என்பதே அங்கும் பெரிய கேள்வி.

நம் நாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் விளக்கத்துக்குள் கொல்வது, பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் அடங்கும். அதற்கு முயல்வதே குற்றம். 'சுட்டேன், படவில்லை' என்று தப்ப முடியாது. 'என் சொந்த நிலம்' என்பதும் செல்லாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. காட்டு முயலும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதுதான். நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளத்துக்காரர்கள் தங்கள் ஊர் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக்கூட விட்டவர்கள். அந்த மாவட்டத்து மண்ணிலிருந்து ஒரு ஏர்கன் மயிலைக் குறிவைப்பதை நினைக்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காட்டுப்பன்றிக்கு மட்டும் தமிழக அரசு 2025 ஜனவரியில் வழி வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் சுடவும் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட அனுமதி எதிலும் இல்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் உங்கள் தோட்டம் இருந்தால் முதல் வளையத்துக்குள்ளேயே வந்துவிடலாம். எனவே சேதத்தை அன்றைக்கே படம் எடுங்கள், வி.ஏ.ஓ.வை வரவழைத்துக் காட்டுங்கள், வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். சூரிய மின்வேலி போடுவதானால் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். லைனிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுப்பது ஆள் சாகும் வேலை, அந்தப் பக்கமே போக வேண்டாம். தோட்டத்தில் எலித் தொல்லையும் இருந்தால் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள், ஆந்தை வந்து உட்கார டி வடிவக் கம்பு நாலு நடுங்கள். இரவெல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.

ரைஃபிள் வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். அட்டையில் சுடுவது முழுசாக ஒரு விளையாட்டு. உங்கள் குழலுக்கு எந்த டப்பா பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு மாதம் சுகமாகப் போகும். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள் இரண்டில் ஒன்று ஜே.எஸ்.பி. கம்பெனி பெல்லட்டை விரும்பும், மற்றது எச் அண்ட் என் கம்பெனியுடையதை விரும்பும். டப்பாவில் 4.50, 4.51, 4.52 என்று தலையின் விட்டம் போட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கான அந்த வித்தியாசம்கூட, அட்டையில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பதை மாற்றும். ஆகவே முதலில் இரண்டு விட்டங்களில் ஒவ்வொரு டப்பா டோம் வாங்குங்கள்.

சோதனைக்கு விடிகாலைதான் நேரம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை எப்படிச் சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றே 25 மீட்டரில் டோமை மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளிவிடும், தட்டை முனையை அதைப்போல இரு மடங்குக்குத் தள்ளும். பகல் பத்து மணிக்குச் சுட்டுவிட்டுப் பெல்லட்டைக் குறை சொன்னால் அது நியாயமில்லை.

பெல்லட் மாற்றியதும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலில் புதிய ஈயம் படிய அவ்வளவு வேண்டும். அதன்பின் 20 மீட்டரில் ஐந்து ஐந்தாக நாலு அட்டை சுடுங்கள். ரைஃபிளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி உதைத்துத் திரும்ப இடம் கேட்கும், முன் கையில் தளர்வாக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். மிகச் சிறந்த அட்டையை எடுத்து வைத்துப் பெருமைப்படாமல் நாலின் சராசரியைப் பாருங்கள். தலா ஐந்தும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் டப்பா எதுவோ, அதே விட்டம், அதே பேட்ச் எண்ணில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். டப்பா பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஈயம் அவர்களுக்குப் பெரியவர்களைவிட அதிகக் கெடுதல்.