பாட்டுக் கோப்புகளை அடுக்குவது எப்படி? வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கணினியிலும் கைபேசியிலும் குவிந்து கிடக்கும் பாட்டுகளை ஒழுங்குபடுத்துவது பற்றி வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணா, கோப்புகளின் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பிளேயரில் இன்னமும் ‘தெரியாத பாடகர்’ என்றே வருகிறது. ஏன்?

பதில்: பிளேயர் கோப்பின் பெயரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கோப்புக்குள்ளே எழுதியிருக்கும் டேக்கைத்தான், அதாவது பாடகர், தலைப்பு போன்ற விவரங்களைத்தான் வாசிக்கிறது. எம்பி3 கோப்பில் அதற்கு ஐடி3 என்று பெயர். உங்கள் உழைப்பு வீணாகவில்லை, தம்பி. ‘எம்பி3டேக்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பின் பெயரிலிருந்தே டேக்கை நிரப்பும் வசதி உண்டு. ‘பாடகர் - பாட்டு’ என்ற ஒரே ஒழுங்கில் பெயர் வைத்திருந்தீர்களானால் ஆயிரம் கோப்புகளையும் ஒரே சொடுக்கில் முடித்துவிடலாம்.

கேள்வி (பரந்தன், வான் ஓட்டுநர்): பென்டிரைவில் போட்ட பாட்டுகளின் பெயர் என் வானில் உள்ள பாட்டுப் பெட்டியில் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் தெரிகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். கேள்விக்குறி வந்தால் டேக்கில் பிழை. 1996இல் வந்த ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகள் மட்டுமே, தமிழுக்கு அதில் இடமே வைக்கவில்லை. அதை நீக்கிவிட்டு தமிழும் ஏறும் 2.3 பதிப்பில், யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. பென்டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் தனிப் படி எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பாட்டுகள் வரிசை மாறி ஓடினால் எண்களை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): ஒரு படத்தின் ஆறு பாட்டுகள் ஆறு ஆல்பங்களாகச் சிதறி நிற்கின்றன.

பதில்: ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு என்பதால் வரும் வினை. ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் ஆறுக்கும் இசையமைப்பாளரின் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், ஒன்றாகிவிடும். நம் சினிமாப் பாட்டுகளுக்கு இதைவிட முக்கியமான கட்டம் இல்லை என்பேன்.

கேள்வி (வவுனியா): டி.எம்.சௌந்தரராஜன் என் பட்டியலில் நான்கு பேராக நிற்கிறார்!

பதில்: நம் பக்கத்துப் பத்திரிகைகளில் ‘ரி.எம்.’ என்றும் எழுதுவார்கள், அது ஒருவர். முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டால் இன்னொருவர். மிச்சக் குறும்பு கண்ணுக்குத் தெரியாதது. ‘சௌ’ என்பதற்குப் பதிலாகச் ‘செ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றேதான், கணினிக்கு வேறு. இதே போல ‘கொ’வின் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். மக் கணினியில் இருந்து வந்த கோப்புப் பெயர்களைத் தேடும்போது அகப்படாமல் போனால் இதையும் சந்தேகியுங்கள். ஏதாவது ஒரு எழுத்துமுறையைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எது சரி என்று சண்டை பிடிக்க வேண்டாம், எப்போதும் அதுவாகவே இருந்தால் போதும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பழைய இறுவட்டுகளிலிருந்து எடுத்த பாட்டுகளின் தலைப்பு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. அழித்துவிடவா?

பதில்: வேண்டாம், அக்கா! அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சியதாக இருக்கும். ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிய எழுத்துரு அது. அப்படியே நகலெடுத்து ஒரு யூனிகோட் மாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும்.

கேள்வி (முள்ளியவளை): எங்கள் ஊர்க் கூத்தை விடிய விடியப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் ‘பிகார்ட்’ மென்பொருளில் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது. அது பதிவின் ஒலியிலிருந்து ஓர் அடையாளத்தைக் கணித்து, இணையத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிடுகிறது. கோயில் வீதியில் நீங்கள் பதிந்தது அங்கே எப்படி இருக்கும்? ஆகவேதான் சொல்கிறேன்: சினிமாப் பாட்டுகளைப் பிறகு பார்க்கலாம், அவற்றின் விவரம் எங்கேயும் ஓடிவிடாது. அருவி வெட்டு (அறுவடை)ப் பாட்டு, ஒப்பாரி, கூத்து, நாதஸ்வரக் கச்சேரி என்று வேறெவரிடமும் இல்லாத பதிவுகளை முதலில் எடுங்கள்.

ஆல்பம் என்ற இடத்தில் கூத்தின் பெயர், ஊர், ஆண்டு. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார். இரவு முழுவதையும் ஒரே கோப்பாக விடாமல் காட்சி காட்சியாக வெட்டி, பாட்டின் முதலடியைத் தலைப்பாக வையுங்கள். ஊரார் முதலடியைச் சொல்லித்தான் தேடுவார்கள். பாடகர் கட்டத்தில் பாத்திரத்தின் பெயரை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். காத்தவராயன் கூத்தில் ஆதிக் காத்தானாக ஒருவரும் பின் காத்தானாக இன்னொருவரும் வருவார்கள், ‘காத்தான்’ என்று எழுதினால் பாடியவர் யார் என்பதே போய்விடும். ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், எந்தக் கோயில், பதிந்தவர் யார் என்பதெல்லாம் ‘கமென்ட்’ கட்டத்தில். குரல் யாருடையது என்று தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல், மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் போட்டுக் காட்டுங்கள். அவர் இரண்டு வரி கேட்டுவிட்டு ஆளின் பெயரோடு வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்வார்.

கேள்வி (மல்லாவி): அப்பாவின் கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

பதில்: சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலத்தைத் தாண்டி வந்தவை என்றால் பொறுமையாகக் கையாளுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாதீர்கள், கருவியில் நாடாவை வாசிக்கும் ஹெட்டும் கெடும். நல்லவற்றை ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து ஃபிளாக் என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். டபிள்யூஏவி என்ற சுருக்காத வடிவம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி பிடிக்கும், அதில் டேக்கும் நம்பகமாக நிற்காது. ஃபிளாக்கில் தரம் குறையாமலே அளவு சுருங்கும், தமிழும் சிக்கலின்றி ஏறும். கசெட் மட்டையில் அப்பா கையால் எழுதியதைப் படம் எடுத்து அதையே அட்டைப் படமாகப் பதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான படம் அதற்கு ஈடாகாது.

கேள்வி (துணுக்காய்): பாட்டின் வகையைக் கேட்கும் ‘ஜானர்’ கட்டத்தில் என்ன எழுதுவது?

பதில்: ஐந்தாறு பிரிவுகள் போதும். நுணுக்கமாகப் பிரிப்பவர்கள் பிறகு எதையும் கேட்பதில்லை, பிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கணினியில் சரியாக இருக்கும் சில கோப்புகள் கைபேசிக்கு ஏற மறுக்கின்றன.

பதில்: பெயர் நீளமாக இருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை. தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள், குற்றும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ஆக 85 குறிகளோடு முடிந்துவிடும். விவரங்களை டேக்குக்குள் தள்ளிவிட்டுக் கோப்பின் பெயரைக் குறுக்குங்கள். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.